அடுப்படி வரை வரும் ஞானோபதேசம்

திடப்படுத்தல் வகுப்பில் ஒப்பிப்பதற்காகப் படித்த லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை இப்போது வரி வரியாக நிறுத்தி, கேள்வி கேட்டுப் படிக்கிறேன். ஞாயிறு மாலைகளில் எங்கள் சபைப் போதகரான ஐயரோடு நாங்கள் சிலர் உட்காருகிறோம். என்ன அருமையான புத்தகம்! சாக்சனிக் கிராமங்களில் சபையாருக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியாததைக் கண்டு மனம் நொந்த லுத்தர், 1529இல் இதை எழுதினார். வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

அன்றாட ஆகாரத்துக்கான விண்ணப்பத்துக்கு அவர் தரும் விளக்கத்தைப் பாருங்கள். சாப்பாடு, துணி, செருப்பு, வீடு, வயல், ஆடுமாடு, நல்ல அரசு, நல்ல மழைவெயில், சமாதானம், நல்ல அயலார் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. செருப்பைக்கூட விடவில்லை! இதைப் படித்த பிறகு பால்காரர், பஸ் டிரைவர், கரண்டு கம்பம் ஏறுகிறவர் எல்லாரையும் தேவன் எனக்கு ஆகாரம் தருகிற கைகளாகவே பார்க்கிறேன்.

எட்டாம் கற்பனை இன்னும் ஆழம். (பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதை வேறு பல சபையார் ஒன்பதாவதாக எண்ணுவார்கள்.) பொய் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாதாம்; அயலானுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவன் செய்கைக்கு நல்ல அர்த்தமே கொள்ள வேண்டும். மருமகள் போனை எடுக்காவிட்டால், “வேலையாக இருப்பாள்” என்று நினைப்பதும் கற்பனையைக் கைக்கொள்வதுதான். இதைப் பேசிய மாலை எங்களுக்கு எழுந்துபோகவே மனம் வரவில்லை.

ஞானோபதேசத்தோடு சேர்த்து, லுத்தரன் சபைகளின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கைக்கு வந்தபோது மெய்சிலிர்த்தது. லுத்தரின் தோழர் மெலாங்க்தன் எழுதிய அதை 1530 ஜூன் 25 அன்று பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் வாசித்தார்கள். கையெழுத்திட்டவர்கள் குருமார் அல்ல, பிரபுக்களும் நகர ஆட்சியாளர்களும். அதன் 26ஆம் பிரிவு, பிள்ளை பெறும் தாயின் வேலையும் பிள்ளைகளை வளர்க்கும் தகப்பனின் வேலையும் வெறும் உலகக் காரியம் என்று தாழ்த்தப்பட்டதைக் கண்டிக்கிறது. பேரரசர் சபையில் ஒரு தாயின் பாடுகளுக்கு மரியாதை! இதற்கு அடிப்படை 4ஆம் பிரிவு: விசுவாசத்தினாலே, கிருபையாகவே நீதிமான்களாகிறோம். மோட்சத்தைச் சம்பாதிக்கும் கவலை தீர்ந்துவிட்டதால், என் உழைப்பு முழுவதும் அயலானுக்கே மிஞ்சுகிறது. சமைக்கும்போதும் ஆபீஸ் கோப்பைப் புரட்டும்போதும் இந்த நினைப்பு தரும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

லுத்தரின் சிறிய ஞானோபதேசம் நமக்குப் புதிதும் அல்ல. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். நம் முன்னோர் அப்போதே தமிழில் கற்றது இது.

அடுத்து பெரிய ஞானோபதேசம் தொடங்குகிறோம். முதல் கற்பனைக்கே பக்கம் பக்கமாக விளக்கம்! உங்கள் சபையிலும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சின்னதிலிருந்து ஆரம்பியுங்கள். ஐயரிடம் கேள்விகளைக் கொட்டுங்கள்.