அனுமதி கொழும்பில், நிலம் படுவான்கரையில்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவில், 10 மெகாவாட் சூரியமின் நிலையம் இருக்கிறது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் வீட்டுக் கூரைகளிலும் கடைக் கூரைகளிலும் சோலர் பனல்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் என்பதால் இன்னும் பல திட்டங்கள் வரும். வரட்டும். ஆனால் அவற்றுக்கு அனுமதி கொடுப்பவர் யார், எதைப் பார்த்துக் கொடுக்கிறார், கொடுத்தது பிழையென்றால் யாரைக் கேட்பது என்பதற்கு வாவிக்கரையில் விடை சொல்ல ஆளில்லை.

சட்டப்படி விடை கொழும்பில் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையை உருவாக்கியது. காற்று, வெயில், நீர் என்ற வளங்கள் குடியரசுக்கே உரியவை என்றும், அவற்றிலிருந்து மின்சாரம் எடுத்து விற்க அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றும் அது சொன்னது. இது சிறிய சாதனையல்ல. பல திணைக்களங்களின் அதிகாரிகள் ஒரே குழுவில் அமர்ந்து விண்ணப்பங்களைப் பார்க்க வழி பிறந்தது. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் வந்தபோது, கூரையில் விளையும் ஓர் அலகுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாயும் அதன்பின் 15.50 ரூபாயும் என்று விலை வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தவர்கள்கூட மின் உற்பத்தியாளர் ஆனார்கள்.

குறை அமைப்பில் இருக்கிறது. வளத்தை அடையாளம் காண்பது, முதலீட்டாளரை அழைப்பது, அனுமதி கொடுப்பது, நிதியத்தை வைத்திருப்பது, பிறகு எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது எல்லாமே ஒரே நிறுவனத்தின் வேலை. கலியாணத் தரகரே சீதனமும் பேசி, பின்னால் வரும் குடும்பச் சண்டைக்கும் தீர்ப்புச் சொல்வது போன்ற ஏற்பாடு இது. தரகர் நல்லவராக இருக்கலாம். அவரது நல்ல குணத்தை மட்டும் நம்பி ஊர்ப்பணத்தை ஒப்படைக்க முடியாது.

இந்த ஆபத்து எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கனடா காட்டியது. பசுமைத் தொழில்நுட்பத்துக்கு அரசுப் பணம் பகிர்ந்தளித்துவந்த எஸ்.டி.டி.சி. என்ற நிதியம் பற்றி, கணக்காய்வாளர் நாயகம் கேரன் ஹோகன் 2024 ஜூனில் அறிக்கை வெளியிட்டார். தகுதியே இல்லாத 10 திட்டங்களுக்கு 5.9 கோடி டொலர். நலமுரண் விதிகள் மீறப்பட்டவை 90 சந்தர்ப்பங்கள். அவற்றில் போன பணம் 7.6 கோடி டொலர். நிதியத்தின் தலைவி, தன் சொந்தக் கம்பனியும் பணம் பெறும் பட்டியலுக்கு வாக்களித்திருந்தார். எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான கொடுப்பனவுதானே, விலக வேண்டியதில்லை என்ற சட்ட ஆலோசனை அவருக்குக் கிடைத்திருந்தது. அவர் சட்டத்தை மீறினார் என்று ஒழுக்கநெறி ஆணையாளர் பின்னர் முடிவு செய்தார். நிதியத்தைக் கலைக்க அரசு முடிவு செய்தது. பணிகள் தேசிய ஆராய்ச்சிப் பேரவைக்கு மாற்றப்பட்டன.

கலைத்தது சரியா? தன்னலம் உள்ளவர்கள் கையிலிருந்து பேனா பிடுங்கப்பட்டது; அந்த அளவில் சரி. ஆனால் 2023 அக்டோபரில் புதிய நிதி நிறுத்தப்பட்டபோது ஒரு தவறும் செய்யாத சிறு நிறுவனங்களும் சேர்ந்து முடங்கின. ஆவணங்களைக் கேட்டு எழுந்த சர்ச்சையில் 2024 இலையுதிர்காலத்தில் நாடாளுமன்றமே வாரக்கணக்கில் ஸ்தம்பித்தது. காலம் தாழ்த்திய பொறுப்புக்கூறலுக்கு இதுதான் விலை.

நமது வழக்கமும் காலம் தாழ்த்தியதுதான். கணக்காய்வாளர் எழுதுவார், அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றத்தின் கோப் குழு கூப்பிட்டுக் கேட்கும், பத்திரிகைகள் இரண்டு நாள் தலைப்பிடும். இதற்கும் பயன் உண்டு. 2022 ஜூன் 9இல் போட்டி விலைமனு நிபந்தனையை நீக்கி மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டது. மறுநாள் கோப் குழு முன் இலங்கை மின்சார சபைத் தலைவர் எம்.எம்.சி. பெர்டினாண்டோ, மன்னார் காற்றாலையை இந்தியாவின் அதானி குழுமத்துக்குக் கொடுக்க இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்றார். ஜனாதிபதி மறுத்தார்; தலைவர் சொன்னதை வாபஸ் வாங்கிச் சில நாட்களில் பதவியும் விலகினார். அந்தக் குழு இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வெளியில் வந்திராது. ஆனாலும் பேரம் நிற்கவில்லை. 2024இல் அமைச்சரவை அலகுக்கு 8.26 அமெரிக்க சதத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பிறகு அதே மன்னாரில் 50 மெகாவாட் காற்றாலை ஒன்று போட்டி விலைமனுவில் 4.65 சதத்துக்குப் போனது. திட்டங்களின் அளவு வேறு என்று வாதிடலாம். ஆயினும் இடைவெளி ஏறக்குறைய பாதி. 2025 பெப்ரவரியில் அதானி குழுமம் தானே விலகியது.

பெரிய பேரத்தில் இப்படி என்றால், சிறியவர் பக்கம் வேறு கதை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை கூரை சோலரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பாவனை குறைந்து மின்கட்டமைப்பு தடுமாறும் என்பது காரணம். கடன் எடுத்துப் பனல் போட்டவருக்கு நல்ல வெயில் நேரத்து வருமானம் போனது. பனல் போடச் சொல்லி ஊக்குவித்தது அதிகாரசபை, இணைப்புக் கொடுத்தது மின்சார சபை, கொள்கை வகுத்தது அமைச்சு. கட்டமைப்பை முன்கூட்டியே பலப்படுத்தாதது யாருடைய பிழை என்று கேட்டால், மூன்று விரல்கள் மூன்று பக்கம் நீளும்.

ஆகவே அதிகாரசபையைக் கலைப்பதோ இன்னொன்றுடன் சேர்ப்பதோ முதல் மருந்தல்ல. ஊக்குவிப்பவரையும் அனுமதிப்பவரையும் பிரிக்க வேண்டும்; கண்காணிப்பு மூன்றாவது கையில் இருக்க வேண்டும். அடுத்தது, திட்டம் வரும் இடத்துக்கே தகவலும் வர வேண்டும். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, குறித்த பெறுமதிக்கு மேற்பட்ட திட்டங்களின் விவரத்தை, அவை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அறிவிக்கும் கடமையை அமைச்சருக்கு விதிக்கிறது.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரோடு முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை. அங்கே கேட்க ஆளில்லை. ஆனால் 2025 மே மாதம் தெரிவான பிரதேச சபைகள் இருக்கின்றன. வவுணதீவு அடங்கும் மண்முனை மேற்குப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் அனுமதி பெற்ற நிறுவனம், அதன் உரிமையாளர்கள், காணியின் எல்லை, அலகு விலை, அனுமதி காலாவதியாகும் திகதி ஆகிய ஐந்தும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அந்தத் தாளைப் பிரதேச சபை உறுப்பினர்கள் சபைக்கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டும். கணக்காய்வு அறிக்கை பிறகு வரட்டும். முதல் கேள்வி அடிக்கல் நடுமுன் அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.