இரத்தக் குழாய்க்கு உறை: செய்தியில் விடுபட்ட பாதி

இதய அறுவைக்குப் பின் இரத்தக் குழாயைக் காக்கும் 'உயிர்ப்பொருள்' பற்றிய செய்திகள் தமிழ் இதழ்களில் அவ்வப்போது வருகின்றன. அத்தகைய துணுக்கு ஒன்றைக் கையில் பிடித்தபடி, கோவில்பட்டியில் எங்கள் தெருவிலுள்ள தீப்பெட்டித் தொழிலாளி ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய அண்ணனுக்கு மதுரையில் பைபாஸ் அறுவை நடக்க இருந்தது. "இந்த உறையைப் போட்டா அடைப்பே வராதாமே சார்! கடன் வாங்கியாவது போட்டுரலாமா?" என்று கேட்டார். துணுக்கைப் படித்தேன். அதில் பொய் இல்லை. ஆனால் உண்மையில் பாதிதான் இருந்தது.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'உயிர்ப்பொருள்' என்றால் அதற்கு உயிர் உண்டு என்றே மாணவர் எண்ணுவர். பாலியெஸ்டர் நூலுக்கும் உலோகக் கம்பி வலைக்கும் உயிர் ஏது? உடல் வெறுத்து ஒதுக்காமல் ஏற்கும் பொருள் என்பதே கருத்து. 'உடலேற்புப் பொருள்' என்று எழுதினால் குழப்பம் நேராது.

அடுத்து, உறை எதற்கு என்பதையே துணுக்கு விளக்கவில்லை. இந்தியாவில் முதல் பைபாஸ் அறுவையை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தார். அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றுவழியாகப் பெரும்பாலும் காலிலிருந்து எடுத்த சிரையைப் பொருத்துவர். படுத்திருக்கும் நிலையில் சிரையின் அழுத்தம் சுமார் 10 மில்லிமீட்டர் பாதரசம். தமனியிலோ சராசரி 100 அளவு. குழாய்ச் சுவரின் தகைவு, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்த அளவாகும். அழுத்தம் பத்து மடங்கானால் ஆரமும் விரிகிறது, சுவரும் மெலிகிறது. ஆகவே தகைவு பத்து மடங்கையும் தாண்டுகிறது. டயர் இல்லாத சைக்கிள் டியூபுக்குக் காற்றடித்துப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள்.

சிரை டியூபைப் போல வெடிப்பதில்லை. உட்சுவரைத் தடிப்பாக்கிச் சமாளிக்கிறது. அத்தடிப்பே நாளடைவில் வழியைக் குறுக்குகிறது. கால்சிரை ஒட்டுகளில் ஏறக்குறையப் பாதி, பத்தாண்டுகளில் அடைபட இது ஒரு முக்கியக் காரணம். உயர் அழுத்தத்திற்குப் பழகிய மார்பின் உட்புறத் தமனியை ஒட்டினால், பத்தாண்டுக்குப் பின்னும் பெரும்பாலானவை திறந்தே இருக்கின்றன.

அப்படியானால் சிரைக்கும் ஒரு டயர் மாட்டினால் என்ன? இதுவே உறையின் தத்துவம். ஆனால் உவமை இங்கே நின்றுவிடுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் பன்றிகளில் சோதித்தபோது, இறுகப் பிடித்த உறையைவிடத் துளைகள் நிறைந்த, தளர்வான பாலியெஸ்டர் உறையே நன்மை செய்தது. சிரையின் சுவருக்கும் உணவூட்டும் நுண்குழாய்கள் வளர இடம் வேண்டுமல்லவா? ரப்பருக்கு அத்தேவை இல்லை.

பன்றியில் பலித்தது மனிதனிலும் பலித்ததா? வட அமெரிக்காவில் 224 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வெளியாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு சிரைக்கு உலோகப் பின்னல் உறை இட்டு, மற்றொன்றை அப்படியே விட்டனர். ஓராண்டுக்குப் பின் உறையிட்ட சிரையில் தடிப்பு சற்றுக் குறைந்திருந்தது. ஆனால் தற்செயல் அல்ல என்று உறுதி கூற அவ்வேறுபாடு போதவில்லை. துணுக்கில் விடுபட்ட பாதி இதுதான்.

தோல்வியைச் சொல்வது அறிவியலுக்கு இழுக்கன்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய செயற்கை இதய வால்வின் முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவதே 1990-ல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அத்தோல்விகளை அவர்கள் மறைக்கவில்லை.

வந்தவரிடம், "உறைக்காகக் கடன் வாங்க வேண்டாம். எந்தக் குழாயை ஒட்டப்போகிறார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு அண்ணன் பீடியை விடட்டும், மாத்திரையைத் தவறவிடாமல் இருக்கட்டும்" என்றேன்.

புதிய விதை வந்தால் எங்கள் கரிசல் விவசாயி உடனே வாங்கிவிடுவதில்லை. எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை மழைக்கு விளைந்தது, பழைய விதையைவிட எவ்வளவு கூடுதல் என்று கேட்கிறார். விலங்கிலா மனிதரிலா, எத்தனை பேரில், எதனோடு ஒப்பிட்டு என்ற மூன்று கேள்விகளை நம் அறிவியல் எழுத்தாளர்களும் கேட்டு எழுதினால், ஏழை ஒருவரின் கடன் மிச்சமாகும்.