காரணப் பெயரும் இறைவாழ்த்தும்

சென்ற பருவத்தில் ஒருநாள், மேல்வகுப்பு மாணவர்க்கு இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என நன்னூலார் வகுத்த பகுப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். இறைவன் பெயர்கள் சிலவற்றைச் சொல்லி வகைப்படுத்துமாறு பணித்தேன். ஒருவன் பிறைசூடி என்றான். காரணப் பெயர் எனச் சரியாகவே விடையும் சொன்னான். தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஞாயிறுதோறும் பாடும் மாணவி ஒருத்தி எழுந்து, “யேகோவாயீரே, இடுகுறிப் பெயர் ஐயா” என்றாள். ஏன் என்று வினவினேன். “பொருள் தெரியாதே ஐயா, பாடுவோம், அவ்வளவுதான்” என்றாள். அவ்வாலயத்தில் நெடுங்காலமாக வழிபட்டு வருவோருள் யானும் ஒருவன். ஆதலின் அவ்விடை அவளைவிட என்னையே நாணச் செய்தது.

அவள் கூறியது இலக்கணப்படி பிழை, வழக்கின்படி உண்மை. இக்காலக் கிறித்தவ வழிபாட்டில் இறைப்பெயர்கள் பெருகிவருகின்றன. அவற்றின் காரணங்களோ மறைந்துவருகின்றன. காரணம் அறிந்து சொல்லும் பெயரே வாழ்த்தாகும். காரணம் இழந்த பெயர் வெற்றொலியாய் நின்றுவிடும். இதனைச் சிறிது ஆராய்வோம்.

ஆபிரகாம் மோரியா நாட்டு மலையொன்றில் தன் மகனைப் பலியிடக் கத்தியை எடுத்தான், தடுக்கப்பட்டான். புதரிற் கொம்பு சிக்கிநின்ற ஆட்டுக்கடா மகனுக்கு ஈடாயிற்று. அப்பொழுது அவன் இட்ட பெயரே யேகோவாயீரே என்பது. நுணுகி நோக்கின், அது இறைவனுக்கு இட்ட பெயரன்று. அவ்விடத்திற்கு இட்ட பெயர். யேகோவாநிசி என்பது அமலேக்கியரொடு பொருத போருக்குப் பின் மோசே கட்டிய பலிபீடத்தின் பெயர். யேகோவா ஷாலோம் என்பதும் அஞ்சி நின்ற கிதியோன் அமைதி பெற்று எழுப்பிய பலிபீடத்தின் பெயரே. இவை யாவும் நிகழ்ச்சியின் நினைவுக்கற்கள். நடுகல்லின் எழுத்தைப் படியாமல் கல்லை மட்டும் வணங்குவாரைப் போல, நிகழ்ச்சியை மறந்து பெயரை மட்டும் கூறுகின்றோம்.

யேகோவாயீரே என்பதன் பொருளையும் காண்க. அதன்கண் உள்ள எபிரேய வினைக்குப் ‘பார்த்தல்’ என்பதே நேர்ப்பொருள். வேண்டியதை முன்னறிந்து அளித்தல் என்பது அதிலிருந்து விரிந்த பொருள். நம் வீட்டு முதியோர், “ஆண்டவன் பார்த்துக்கொள்வான்” என்று கூறும்போது அவ்விரு பொருளும் ஒரு சொல்லிலேயே அமைந்துவிடுகின்றன. அன்றாட வழக்கில் இத்துணைப் பொருத்தமான தொடர் இருக்க, அதனை ஒருமுறையேனும் எடுத்துச் சொல்லாமல் எபிரேய ஒலியை மட்டும் பன்முறை பாடுவதாற் பயன் என்ன?

இடத்திற்கன்றி இறைவனுக்கே பெயரிட்டவள் ஒருத்தியும் உளள். அவள் அரசியல்லள், எகிப்து நாட்டுப் பணிப்பெண்ணாகிய ஆகார். கருவுற்ற நிலையில், தலைவியின் கொடுமை தாங்காது ஓடிப் பாலைநிலத்து நீரூற்றருகே தனித்திருந்தவள் அவள். ‘என்னைக் காண்கின்ற இறைவன்’ என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தாள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று வேலைக்குச் சென்ற பாட்டிமாரின் பேரர் நாம். எவரும் பொருட்படுத்தாத ஏழைப் பெண் ஒருத்தி, தன்னை ஒருவர் கண்டுகொண்டார் என்று வியந்து இட்ட பெயரின் சுவையை நம்மினும் நன்கு உணரவல்லார் யாவர்? ஆயினும் அப்பெயரை நம் பிள்ளைகள் பட்டியலில் ஒன்றாகவே அறிவர்.

பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் பக்தி மரபன்றோ என வினவலாம். ஆம், மரபே, திருவாசகத்துப் போற்றித் திருவகவலைக் கற்றோர் இதனை மறுக்கமாட்டார். கத்தோலிக்கரின் மன்றாட்டு மாலையும் அத்தகையதே. யான் குறை கூறுவது அடுக்கையன்று, காரணமில்லா அடுக்கையே. 136ஆம் சங்கீதத்தை நோக்குக. அதன் 26 வசனங்களும் ஒரே தொடரால் முடிகின்றன. எனினும் ஒவ்வொரு வசனமும் வானத்தைப் படைத்தது, கடலைப் பிளந்தது, பாலையில் வழிநடத்தியது என ஒரு காரணத்தை முன்வைத்த பின்னரே அத்தொடரைத் தருகின்றது. அங்கே அடுக்கு சலிப்பூட்டுவதில்லை, நன்றியை வளர்க்கின்றது.

இறைப்பெயரைப் பொருளோடு வழங்க வேண்டும் என்னும் கவலை தமிழ்க் கிறித்தவத்திற்குப் புதியதன்று. 1578இல் கொல்லத்தில் அச்சான என்றிக்கே என்றிக்கசின் சிறுநூல் ‘தம்பிரான் வணக்கம்’ என்றே பெயர் பெற்றது. கத்தோலிக்கர் சருவேசுரன் என நெடுங்காலம் வழங்கினர். பப்ரீசியசு பராபரன் என்றார். 1871ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பு தேவன், கர்த்தர் என்றது; 1995இல் வந்த திருவிவிலியம் கடவுள், ஆண்டவர் என்றது. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கிற்குள் ஈண்டுப் புகேன். ஒவ்வொரு தலைமுறையும், கேட்போர் செவியில் பொருளோடு சென்று சேரும் சொல்லைத் தேடியது என்பதே கருதத்தக்கது.

இத்துறையில் வீரமாமுனிவர் செய்தது தமிழாசிரியர் போற்றற்குரியது. தேம்பாவணியில் யோசேப்பை வளன் என்றும் யோவானைக் கருணையன் என்றும் வழங்கினார். முன்னதன் எபிரேய மூலம் பெருகுதலையும், பின்னது இறையருளையும் குறிப்பன. மாந்தர் பெயரையே பொருளறிந்து தமிழாக்கினார் அவர்; நாமோ இறைவன் பெயரையும் பொருளறியாது பாடுகின்றோம்!

எபிரேய ஒலிகளை நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. பழம்பெயருக்கு உரிய பெருமை அதற்கு உண்டு. ஆயினும் யேகோவா என்னும் வடிவமே, யூதர் உச்சரிக்க அஞ்சிய நான்கு மெய்யெழுத்துகளோடு, ‘என் ஆண்டவர்’ எனப் பொருள்படும் வேறொரு சொல்லின் உயிரொலிகள் கலந்து பிறந்ததாகும். அப்பெயரை வாயெடுத்துச் சொல்லவும் தயங்கிய மக்களின் அச்சத்தில் சிறிதளவேனும் நமக்கும் வேண்டாவா? ஒரு வழிபாட்டிற்கு ஒரு பெயர் போதும். அதன் நிகழ்ச்சியைக் கூறுக; பொருளைத் தமிழிற் சொல்லுக; பின்னர்ப் பாடுக. பத்துப் பெயர் தராத நிறைவை அவ்வொரு பெயர் தரும்.

மறுநாள் அம்மாணவியை அழைத்து, மலையையும் கத்தியையும் ஆட்டுக்கடாவையும் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின், “அப்படியானால் காரணப் பெயர்தான் ஐயா” என்றாள்.

மொழிபெயர்ப்பே வேண்டாத பெயர் ஒன்றும் உண்டு. இயேசு தாம் பிடிபட்ட இரவில், கெத்சமனேயில் துயருற்று வேண்டியபோது அழைத்த அரமேயச் சொல், ஒலியாலும் பொருளாலும் நம் ‘அப்பா’ என்பதை ஒத்தது. நம் குழந்தைகள் நாள்தோறும் வழங்கும் சொல் அது. அதனை அவர் எந்த இரவில் சொன்னார் என்பதை மட்டும் நாம் அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும்.