பெட்டி லோரிக்கு வெப்பக்காப்பு: கிள்ளான் பள்ளத்தாக்கில் எது உழைக்கும்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடும் பெட்டி லோரிக்குள் வெப்பம் நுழையும் பெரிய வழி கூரை. அடுத்தது கதவு. சுவர் அதற்கும் பிறகுதான். ஆனால் வெப்பக்காப்பு போட நினைப்பவர்கள் பெரும்பாலும் சுவரிலிருந்தே தொடங்குகிறார்கள். எத்தனை அங்குல நுரை, எந்தப் பலகை என்று கேட்பவர்கள், கூரையின் நிறத்தையும் கதவின் ரப்பரையும் பற்றிக் கேட்பதே இல்லை. பணம் வீணாவது இங்கேதான்.

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் மூடிய டிரெய்லர் மலேசியச் சாலைகளில் அரிது. அந்த வேலையை இங்கே ஒரு டன், மூன்று டன் பெட்டி லோரிகள் செய்கின்றன. டைஹாட்சு கிரான் மேக்ஸ் மீது ஏற்றிய சிறு பெட்டியும் உண்டு, இசுசு, ஹினோ லோரிகளின் பெரிய பெட்டியும் உண்டு. கேமரன் மலைக் காய்கறி செலாயாங் மொத்தச் சந்தைக்கு வருவதும், பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன் பூக்கடைகளுக்கும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடைகளுக்கும் பூ போய்ச் சேர்வதும் இத்தகைய லோரிகளில்தான். கல்யாண மண்டபத்துக்குச் சோறும் கறியும் ஏற்றுபவருக்கும், தீபாவளிச் சந்தைக்குச் சேலை மூட்டை ஏற்றுபவருக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. என்ன சரக்கு, எத்தனை மணி நேரப் பயணம், வழியில் எத்தனை முறை கதவு திறக்கும் என்பதை முடிவு செய்யாமல் பொருள் வாங்குவதில் அர்த்தமில்லை.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 3 பாகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பதால், பக்கச் சுவரைவிடக் கூரைதான் அதிக வெயிலை வாங்குகிறது. தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டர் கூரையில் 1,000 வாட்டுக்கு நெருக்கமான வெயில் விழும். 3 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சிறு பெட்டியை எடுத்துக்கொண்டால், அதன் கூரை 5 சதுர மீட்டர். அடர் நீலமோ கறுப்போ பூசியிருந்தால் அதில் விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கைக் கூரை உறிஞ்சிவிடும். அதாவது 4.5 கிலோவாட். நல்ல வெள்ளைப் பூச்சு உறிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்குதான். அது 1 கிலோவாட்டில் நின்றுவிடும். இந்த வேறுபாட்டை ஒரு டின் வெள்ளைப் பூச்சு தருகிறது. இதைவிட மலிவான மேம்பாடு எதுவும் இல்லை.

அந்த வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டும். ஈரமும் புகையும் சேர்ந்து இங்கே எந்தக் கூரையையும் விரைவில் கறுக்க வைக்கின்றன, பாசியும் பிடிக்கிறது. பக்கங்களில் கடையின் பெயரும் படமும் பளபளக்க, ஏணி வைத்துப் பார்த்தால் கூரை சாம்பல் நிறத்தில் கிடக்கும். பக்கங்களைக் கழுவும்போது கூரையையும் கழுவ ஒரு நீளக் கைப்பிடித் தூரிகை போதும்.

அலுமினியத் தாள் ஒட்டிய பபிள் ஃபாயில் இங்கே தாராளமாக விற்கிறது. வீட்டு ஓட்டின் கீழே விரிக்கும் அதே சரக்குதான். அது வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் 20 மில்லிமீட்டராவது காற்றிடைவெளி இருக்க வேண்டும். தகட்டோடு ஒட்டி, மேலே பிளைவுட்டை அடித்து நசுக்கிவிட்டால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் குணம் போய்விடும். சில மில்லிமீட்டர் குமிழ்த்தாள் மட்டுமே மிஞ்சும். பளபளப்பு கீழ் நோக்கி இருப்பது நல்லது. மேல் நோக்கி இருந்தால் தூசி படிந்து மங்கிவிடும். இடைவெளியோடு போடும் பொறுமை இருந்தால், குளிரூட்டாத லோரியின் கூரைக்கு இது நல்ல தேர்வு. சுவருக்கு இதையே நம்பி இருப்பது சரியல்ல.

நுரைப் பலகைகளில் மலிவானது வெள்ளைப் பாலிஸ்டைரீன். மீன் பெட்டியில் பார்க்கும் அதே மணி நுரை. எடை மிகக் குறைவு. நாளாவட்டத்தில் மணிகளின் இடுக்கில் ஈரம் ஏறும். லோரியின் அதிர்வில் விளிம்பு உதிரும். எக்ஸ்பிஎஸ் எனும் அடர்த்தியான பாலிஸ்டைரீன் பலகை அதற்கு ஒரு படி மேல். அது தண்ணீரை ஏறக்குறைய குடிப்பதே இல்லை, அழுத்தத்தையும் தாங்கும். தரைக்கு இதுவே பொருத்தம். பாலியூரித்தேன் நுரை வெப்பத்தைத் தடுப்பதில் முதலிடம்: அதன் வெப்பக் கடத்துத்திறன் 0.022 முதல் 0.028 வரை, பாலிஸ்டைரீனுடையது 0.033 முதல் 0.040 வரை. 50 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் செய்யும் வேலைக்கு 70 மில்லிமீட்டருக்கு மேல் பாலிஸ்டைரீன் வேண்டும். சிறு பெட்டியில் அந்த 20 மில்லிமீட்டர் ஒரு வரிசைக் கூடையையே தின்றுவிடலாம்.

தடிமன் கூடக் கூட இடம் எவ்வளவு போகிறது என்பதைப் பலர் கணக்கிடுவதில்லை. மேலே சொன்ன பெட்டியில் எல்லாப் பக்கமும் 25 மில்லிமீட்டர் போட்டால் கொள்ளளவில் 7 விழுக்காடு போகும். 50 போட்டால் 14, 75 போட்டால் 20 விழுக்காட்டுக்கும் மேல். பூவும் கீரையும் எடை குறைந்து இடம் நிறைக்கும் சரக்கு. அவற்றை ஏற்றுபவருக்கு இந்த இழப்பு ஒவ்வொரு நடையிலும் தெரியும்.

பலகையின் தரம் எவ்வளவு உயர்ந்தாலும் பெட்டியின் விலா எலும்புகளான இரும்புக் குழாய்கள் அதை ஏமாற்றிவிடும். இரும்பு பாலியூரித்தேனைவிடச் சுமார் 2,000 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். விலா இடைவெளிகளில் மட்டும் நுரையை அடைத்து, மேல் பலகையை நேரே விலாவில் முடுக்கினால், ஒவ்வொரு விலாவும் வெப்பம் நுழையும் பாலம் ஆகிறது. அப்படிச் செய்த ஒரு குளிர்பெட்டி லோரியின் கூரையை உள்ளே நின்று டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்: விலா ஓடும் இடங்களில் மட்டும் கறும்பச்சைப் பூஞ்சைக் கோடுகள், ஒரே இடைவெளியில், முன்னிருந்து பின்வரை. விலாவுக்கும் உள் பலகைக்கும் நடுவில் 10 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பட்டையாவது வைத்தால் இந்தப் பாலம் பெருமளவு அறுபடும். நுரையே சுவராக நிற்கும் சாண்ட்விச் பேனலில் இந்தத் தொல்லை இல்லை. புதுப் பெட்டி கட்டுபவர்கள் அதையே எடுக்க வேண்டும்.

குளிர் நாடுகளிலிருந்து வரும் கையேடுகளைப் பின்பற்றுபவர்கள் பெரும் தவறு செய்வது ஆவித் தடுப்பில். அங்கே உள்ளே சூடு, வெளியே குளிர். உள்ளே இருக்கும் ஈரம் சுவருக்குள் புகாமல் இருக்க பிளாஸ்டிக் தாளை உள்பக்கம் விரிக்கிறார்கள். இங்கே குளிரூட்டிய பெட்டியில் நிலைமை நேர்மாறு. 33 பாகை வெயிலில் 65 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று 25, 26 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகத் துளிர்த்துவிடும். ஈரம் வெளியிலிருந்து உள்ளே தள்ளப்படுகிறது. தடுப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பெட்டியின் உலோகத் தகடே நல்ல தடுப்புதான். அதன் ஒவ்வொரு ரிவெட்டும் ஒவ்வொரு மூட்டும் அடைபட்டிருந்தால். உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் தாளை இறுக்கமாக விரித்தால், ரிவெட் ஓட்டை வழியே புகுந்த ஈரம் இரண்டு தடுப்புக்கும் நடுவே சிறைப்பட்டு நுரையை நனைக்கும். நனைந்த நுரை வெப்பத்தைத் தடுக்காது. எடை மட்டும் கூடும். கிள்ளான் துறைமுகப் பக்கம் உப்புக் காற்றில் ஓடும் லோரிக்கு உள்ளிருந்து துருவும் சேரும். ஆகவே பலகை வாங்கும் முன் பழைய ரிவெட் வரிசைகளைச் சுரண்டி, பாலியூரித்தேன் சீலண்ட் இழுப்பதே முதல் வேலை. சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பிறகு எந்தப் பூச்சும் ஒட்டாது.

குளிரூட்டாத லோரிக்கும் ஈரத் தொல்லை உண்டு. பகலில் சூடேறிய மூட்டைகளும் மரப்பலகைகளும் ஈரத்தைக் கக்கும். இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அது துளியாகிச் சரக்கின் மேல் சொட்டும். கப்பல்காரர்கள் இதைக் கொள்கலன் மழை என்பார்கள். இரவெல்லாம் நிறுத்திய லோரியில் காலையில் சேலை அட்டைப்பெட்டிகளின் மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால், ஒழுக்கு என்று எண்ணிக் கூரைக்கு ஒட்டுப் போடுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும். கூரையின் உள்பக்கம் 25 மில்லிமீட்டர் நுரை ஒட்டினால் காற்று குளிர்ந்த தகட்டைத் தொடாது, சொட்டு நிற்கும். இதோடு முன்சுவரின் கீழே ஒரு வலைத் துவாரமும் கூரையின் பின்பகுதியில் காற்றில் சுழலும் ஃபிளெட்னர் வகை விசிறியும் வைத்தால், ஓடும்போது உள்காற்று மாறிக்கொண்டே இருக்கும். மின்சாரம் தேவையில்லை. மாலை இடிமழை சாய்வாக அடிக்கும் ஊரில் மழைமறைப்பு இல்லாத துவாரம் மட்டும் வைக்கக் கூடாது. குளிரூட்டும் பெட்டிக்கு எந்தத் துவாரமும் ஆகாது.

கதவுதான் குளிர்பெட்டியின் உண்மையான சோதனை. 75 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் போட்டு, ஐரோப்பாவின் 1970ஆம் ஆண்டு ஏடிபி உடன்படிக்கை கடுங்காப்புப் பெட்டிக்கு விதிக்கும் 0.40 என்ற வெப்பக் கடத்தல் அளவை நம் சிறு பெட்டி எட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வெளியே 33 பாகை, உள்ளே 5 பாகை என்றால் சுவர்கள் வழியே நுழைவது 280 வாட் அளவு. வெயில் சூடு இதற்கு மேல் சேரும். அதே பெட்டியின் கதவைத் திறந்து உள்காற்று முழுதும் ஒருமுறை மாறிவிட்டால், புதிதாக வந்த ஈரக்காற்றைக் குளிர்விக்க அரை மணி நேரச் சுவர் வெப்பத்துக்குச் சமமான வேலை ஆகிறது. கூடவே ஒரு கோப்பை அளவுத் தண்ணீர் குளிர்ச்சுருளில் வடிந்து உறையும். பிரிக்பீல்ட்ஸில் கடைக்குக் கடை நின்று இறக்கும் லோரி ஒரு காலையில் எத்தனை முறை கதவு திறக்கும் என்று எண்ணிப் பார்த்தால், 75ஐ 100 ஆக்குவதைவிடப் பிவிசி பட்டைத் திரை எவ்வளவு மேல் என்பது விளங்கும். திரை கதவின் முழு அகலத்தையும் மூட வேண்டும். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று படிய வேண்டும். கை படுகிறது என்று ஆட்கள் சுருட்டிக் கட்டிவிடுவது வழக்கம். பக்கக் கதவு ஒன்று வைத்தால் அந்தச் சிக்கலும் குறையும், இறக்கும் நேரமும் குறையும். கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும்: கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் எளிதாக உருவி வரக் கூடாது.

உள்சுவர்ப் பலகையில்தான் எடை ஒளிந்திருக்கிறது. நம் பெட்டி முழுவதற்கும் 50 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் 50 கிலோ சொச்சம்தான் வரும். சுவருக்கும் கூரைக்கும் 9 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். 2 மில்லிமீட்டர் ஃபைபர் தகடு அதில் பாதி எடைதான். கழுவலாம், ஊறாது, மீன் வாடையும் தங்காது. விலை கூடினாலும் உணவுச் சரக்குக்கு ஃபைபரே சரி. தரையில் எக்ஸ்பிஎஸ் மேல் 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அதன் மேல் அலுமினியச் செக்கர் பிளேட் என்ற அடுக்கு இங்கே நன்றாக உழைக்கிறது. எக்ஸ்பிஎஸ் பரந்த சுமையைத் தாங்கும். தள்ளுவண்டிச் சக்கரத்தின் புள்ளிச் சுமை அதைக் குழியாக்கிவிடும் என்பதால் நடுவில் பிளைவுட் அவசியம். தரையின் ஒரு மூலையில் அடைப்பானோடு வடிகால் வேண்டும். எல்இடி விளக்கு, சுவரில் கட்டுக் கம்பி, பின் கேமரா மூன்றும் மலிவு. நுரை மூடுவதற்கு முன்பே வயர் இழுத்துவிடுவது நல்லது.

குளிரூட்டி பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெப்பக்காப்பு எதையும் குளிர்விப்பதில்லை. உள்ளே இருக்கும் வெப்பநிலை மாறுவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். வெயிலில் கிடந்த காய்கறியை நல்ல பெட்டியில் ஏற்றினால் அதன் சூட்டையும் பெட்டி பத்திரமாகக் காப்பாற்றும். சிறு லோரிகளில் குளிர்க் கம்பிரஸரை எஞ்சினே சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் குளிரும் நிற்கும். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் குளிர் குறையும். நிறுத்தி நிறுத்தி இறக்கும் தொழிலுக்கு, இரவில் வீட்டு மின்சாரத்தில் உறையவைத்துப் பகலெல்லாம் குளிர் தரும் யூடெக்டிக் தட்டுகள் பொருத்தமானவை. எடை அதிகம் என்பதே அவற்றின் குறை. மல்லிகைக்கும் செவ்வந்திக்கும் உறைகுளிர் தேவையில்லை. ஈரத்துணியும் காப்பிட்ட கூரையும் அதிகாலைப் பயணமும் குறுகிய தூரத்துக்குப் போதும். உறைந்த இறைச்சிக்கு உள்ளே மைனஸ் 18 பாகை நிற்க வேண்டும். அதற்கு 100 மில்லிமீட்டருக்குக் குறைந்த சுவரில் இறங்கக் கூடாது.

சமைத்த உணவு 60 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கு லோரி முழுவதையும் காப்பிடுவதைவிட, காப்பிட்ட உணவுப் பெட்டிகளை வாங்கிச் சாதாரண லோரியில் ஏற்றுவது மலிவும் பத்திரமும் ஆகும். பெட்டிக்குள்ளேயே அடுப்பு வைப்பவர்கள் அடுப்புச் சுவரில் நுரையைத் தொடவே கூடாது. பாலிஸ்டைரீன் உருகி எரியும். பாலியூரித்தேன் எரிந்தால் வரும் புகை நஞ்சு. அந்தச் சுவருக்கு ராக்வுல்லும் துருப்பிடிக்காத எஃகுத் தகடும்தான். எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரைமட்டத் துவாரம் கட்டாயம்.

பெட்டியின் வகையை மாற்றுவதும் குளிரூட்டி பொருத்துவதும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடியவை அல்ல; வேலை முடிந்ததும் லோரியைச் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். பட்டறைக்குப் பணம் கட்டும் முன் இந்த ஒப்புதலை அந்தப் பட்டறையே வாங்கித் தருமா என்பதை எழுத்தில் பெறுவது நல்லது. லோரியின் பக்கத்தில் எழுதியிருக்கும் BDM, அதாவது சரக்கோடு கூடிய எடை, மாறாது. வெறும் லோரியின் எடையான BTM-இல் கூடும் ஒவ்வொரு கிலோவும் ஏற்றக்கூடிய சரக்கிலிருந்து கழியும். இந்த இரண்டு மலாய்ச் சுருக்கங்களும் தமிழ்ப் பேச்சில் ஒன்றுபோல ஒலிப்பதால், பட்டறையிடம் பேசும்போது வெற்று எடை, மொத்த எடை என்றே பிரித்துச் சொல்ல வேண்டும். வேலை முடிந்த லோரியை எடைப்பாலத்தில் ஏற்றி, புதிய வெற்று எடையைப் பதிவு செய்து, பக்கத்தில் எழுதியதையும் மாற்றிய பிறகே முதல் சரக்கை ஏற்ற வேண்டும்.