அகப்போராட்டமும் புறப்போராட்டமும்: தோப்பில் முஹம்மது மீரானின் புதினங்களை முன்வைத்து

புனைகதைக்கு உயிர் தருவது முரண். மனிதன் பிறரோடும் சமூகத்தோடும் இயற்கையோடும் மோதுவது புறப்போராட்டம்; தன்னோடு தானே மோதுவது அகப்போராட்டம். இவ்விரண்டில் எது வலுவானது என்பதைவிட, புறத்தே நிகழும் மோதல் எந்த இடத்தில் அகத்தினுள் நுழைகிறது என்பதே ஒரு படைப்பின் தரத்தை உணர்த்தும் கேள்வியாகும்.

குமரி மாவட்டத்து முட்டம் இதற்கு எளிய சான்றொன்றைத் தருகிறது. பாரதிராஜாவின் இரு திரைப்படங்கள் அக்கடற்கரையில் உருவாயின. ‘அலைகள் ஓய்வதில்லை’யில் (1981) வேறு வேறு மதங்களைச் சேர்ந்த இளம் காதலர் இருவர் குடும்பத்தையும் ஊரையும் எதிர்த்து நிற்கின்றனர். யார் வெல்வார் என்பதே அங்குக் கேள்வி. ‘கடலோரக் கவிதைக’ளில் (1986) முரடன் ஒருவன் ஆசிரியை ஒருத்தியிடம் எழுத்துக் கற்கிறான்; அவன் மோதுவதோ தன் பழைய இயல்போடு. பாறையும் கடலும் மாறவில்லை; போர்க்களம் மட்டும் மாறிவிட்டது.

முட்டத்திலிருந்து கடற்கரையோரமாக வடமேற்கே சென்றால் மண்டைக்காடு, குளச்சல் ஆகிய ஊர்களுக்கு அப்பால் தேங்காய்ப்பட்டணம் வருகிறது. மண்டைக்காடு 1982இல் மதக்கலவரத்தால் உயிர்களைப் பலிகொடுத்த ஊர். புறமுரண் என்பது இக்கரையில் வெறும் இலக்கியக் கலைச்சொல் அன்று. தேங்காய்ப்பட்டணமோ தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) பிறந்த மண். முஸ்லிம்களுக்கும் கிறித்தவ மீனவர்களுக்கும் இடையே மூண்ட பகையை ‘கூனன் தோப்பு’ (1993) நாவலிலும், கொழும்புச் சந்தையை நம்பி ஏமாந்த மீன் வணிகரின் வீழ்ச்சியைத் ‘துறைமுகம்’ (1991) நாவலிலும் அவர் எழுதினார்.

‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து 1988இல் நூலான ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் புறப்போராட்டம் வெளிப்படையானது. ஊரை ஆளும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளிக்குச் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது அடிபணிய மறுக்கிறான். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை மார்க்கத்தின் பெயரால் தடுக்க முனைகின்றனர். இம்மோதலின் முடிவை வரலாறு முன்பே எழுதிவிட்டது: பள்ளிக்கூடம் வரும், முதலாளித்தனம் சாயும். ஆயின் நாவல் நம்மை உலுக்குவது வேறோர் இடத்தில். தங்கை மகன் பரீதின் மேல் அன்பு கொண்ட மகள் ஆயிஷாவை, குடும்பப் பெருமைக்காக வேறோரிடத்தில் மணமுடித்து அழிவுக்குத் தள்ளுகிறார் முதலாளி. ஊரையே நடுங்க வைத்தவரை வீழ்த்தியது மஹ்மூது அன்று. தந்தையின் பாசத்தைத் தின்று வளர்ந்த அவருடைய பெருமையே.

ஆன்மாவின் நிலைகளை அல்குர்ஆன் சுட்டும் முறை இங்குத் திறனாய்வுக்கும் துணைபுரியும். தீமைக்குத் தூண்டும் நஃப்ஸுல் அம்மாரா (12:53), தன்னைத் தானே இடித்துரைக்கும் நஃப்ஸுல் லவ்வாமா (75:2), அமைதியடைந்த நஃப்ஸுல் முத்மயின்னா (89:27) என்பன அவை. முதல் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடைப்பட்ட லவ்வாமாவே அகப்போராட்டத்தின் இருப்பிடம். வரலாறுகளுள் அழகியது என்று போற்றப்படும் யூசுஃப் நபியின் வரலாற்றில் கிணறும் சிறையும் புறச் சோதனைகள். பூட்டிய கதவுகளுக்குள் நேர்ந்ததோ அகச் சோதனை.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின் மீரானின் குறையும் தெரியும். கடலோரக் கிராமத்தில் வந்திறங்கும் தங்ஙள் முழுக்க முழுக்க அம்மாராவின் உருவம்; தன்னை ஒருகணமேனும் ஐயுறாதவர். அங்கதத்திற்கு அவர் போதும்; துன்பியலுக்குப் போதார்.

1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சாய்வு நாற்காலி’யில் இக்குறையே வலிமையாக மாறுகிறது. சவ்தா மன்ஸிலின் வாரிசான முஸ்தபாக்கண்ணு, மார்த்தாண்டவர்மர் காலம் தொட்ட முன்னோர் பெருமையைப் பேசியவாறே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். பெண்களை அடக்குவதற்கென்றே அவ்வீட்டில் ‘அதபுப் பிரம்பு’ ஒன்றிருக்கிறது. எதிரே பகைவன் எவனுமில்லை. உள்ளேயும் இடித்துரைக்கும் குரலில்லை. புறப்போராட்டமும் அகப்போராட்டமும் ஓய்ந்துபோன ஒருவரை மையத்தில் வைத்து நாவல் எவ்வாறு நகர்கிறது? பாத்திரத்துள் ஊமையாகிவிட்ட லவ்வாமாவை ஆசிரியர் வாசகனிடம் ஒப்படைக்கிறார். முஸ்தபாக்கண்ணு கேட்க மறந்த கேள்விகளைப் பக்கந்தோறும் நாமே கேட்கிறோம். நம் வீட்டுச் சாய்வு நாற்காலிகளையும் மூலையில் சார்த்திய பிரம்புகளையும் நினைத்துக்கொள்கிறோம்.

சமுதாயத்தின் குறைகளைப் பிறர் முன் விரித்துவிட்டார் என்பது மீரான்மீது சாட்டப்பட்ட குற்றம். சிறுபான்மையினர் எள்ளலுக்கு ஆளாகும் சூழலில் அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும் அது இந்நாவல்களைப் புறப்போராட்டமாக மட்டுமே காண்கிறது. எழுத்தாளரை ஒரு பக்கத்திலும் சமுதாயத்தை மறுபக்கத்திலும் நிறுத்தி வழக்கு நடத்துகிறது. தன்னைத் தானே கணக்கெடுக்கும் முஹாசபாவை இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா’வில் தனியொரு நூற்பகுதியில் விரித்துரைத்தார். அதைப் போற்றும் மரபினருக்கு, தம்முள்ளிருந்தே எழும் இடித்துரைப்புப் பகைக்குரலாகத் தோன்றலாகாது. பகைவன் நம் குறையைச் சொல்வதற்கும் நம் மனச்சாட்சி சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ளும் பயிற்சியே நல்ல புனைகதை நமக்கு அளிக்கும் கல்வி.