வேகம் போதும், வரிசை குறையட்டும்: ஆர்ச்சர் சி6-இல் ஓபன்-டபிள்யூஆர்டி

மேல்விஷாரத்தில் என் அக்கா வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 95 காட்டுகிறது. ஆனால் சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் அக்கா மகனின் வேலரன்ட் ஆட்டம் திக்கித் திணறுகிறது. எதிரி சுட்ட பிறகுதான் கண்ணுக்கே தெரிகிறான். இணைப்புக் கொடுத்தவர்கள் சொன்ன தீர்வு, 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுவது. நான் அதைத் தடுத்துவிட்டு, டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டரில் ஓபன்-டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளை ஏற்றி மாட்டிக் கொடுத்தேன்.

புதுப் பெட்டியை வாங்கும் முன் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டரில் இரண்டு கமாண்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் வீட்டு ரவுட்டருக்கும் (பெரும்பாலும் 192.168.1.1) இன்னொன்றில் 8.8.8.8-க்கும் பிங் ஓட விடுங்கள். ரவுட்டருக்கான பிங்கே எகிறினால் குற்றம் வைஃபையுடையது. மேல்விஷாரத்தின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அவற்றைப் பத்து வீட்டு ரவுட்டர்கள் பங்கு போட்டால் என்ன மிஞ்சும்? 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் கனமான சுவரைத் தாண்டுவதற்குள் அது களைத்துவிடும். விளையாடும் மெஷினுக்கு ஒரு கேட்-6 கேபிள் இழுப்பதுதான் நல்ல வழி. அக்கா வீட்டிலும் முதலில் அதைத்தான் செய்தோம், பாதித் தொல்லை அதிலேயே போனது.

8.8.8.8-க்கான பிங் மட்டும் எகிறினால், ஃபைபர் பெட்டியின் செட்டிங் பக்கத்தில் ஒளியின் அளவையும் பார்த்துவிடுங்கள். மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் லைனிலேயே இழப்பு: எங்கோ வயர் மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டரில் தூசி. அதற்கு லைன்மேன்தான் வர வேண்டும், எந்த ரவுட்டரும் உதவாது.

அக்கா வீட்டுத் தொல்லையில் மீதிப் பாதிதான் சுவாரசியமானது. வீட்டில் யாரும் எதுவும் செய்யாதபோது பிங் சுமார் 30 மில்லிசெகண்ட். அக்காவின் போன் கல்யாண வீடியோக்களை கூகுள் போட்டோஸுக்கு ஏற்றத் தொடங்கியதும் அதே பிங் பல நூறைத் தொடுகிறது. வேகம் குறையவில்லை, வரிசை நீண்டுவிட்டது. ரவுட்டர்கள் எந்தப் பாக்கெட்டையும் கைவிட மனமில்லாமல் பெரிய நினைவகத்தில் தேக்கி வைக்கின்றன. தோல் ஏற்றிய லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட எக்ஸெல் வண்டியைப் போல, விளையாட்டின் சின்னஞ்சிறு பாக்கெட் அங்கே நின்றுவிடுகிறது. வேலரன்ட் சர்வர் நொடிக்கு 128 முறை, அதாவது ஏறக்குறைய 8 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, ஆட்டத்தைக் கணக்கிடுகிறது. அதற்கு இந்தத் தாமதம் தாங்காது.

இந்த நோய்க்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ், 2010-இல் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு ஊரறியச் சொன்னார். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற மருந்தை வெளியிட்டார்கள். அதன் வழிவந்த கேக், 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது. இத்தனை நல்ல உழைப்பு இலவசமாகக் கிடைக்க, வீடுகளில் இன்னும் பிளானை ஏற்றிக்கொண்டிருக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

செய்முறை கடினமில்லை. ஓபன்-டபிள்யூஆர்டியில், வரிசையை நிர்வகிக்கும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, வெளி இணைப்பைத் தேர்ந்து, கேக்கைக் குறித்து, டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்கும் உண்மையில் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும். 95 கிடைக்கும் இடத்தில் 85 கொடுத்தேன். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதால் வரிசை இணைப்புக்காரர் பெட்டியில் சேராமல் நம் ரவுட்டருக்குள்ளேயே நிற்கும், கேக் அதை ஒழுங்குபடுத்தும். ஃப்ளோ ஆஃப்லோடிங் என்ற வசதி இயங்கினால் எஸ்க்யூஎம் வேலை செய்யாது, மறக்காமல் அணையுங்கள். மாட்டிய பிறகு வீடியோ ஏறும்போதும் பிங் 30-களிலேயே நிற்கிறது. ஹாலில் யூடியூப் ஓடுகிறது, அக்கா வளைகுடாவில் இருக்கும் அத்தானோடு முகம் பார்த்துப் பேசுகிறாள், மகன் ஆட்டத்தை முடிக்கிறான். வீடியோ கால் தெளிவானது நான் எதிர்பாராத பலன். விளையாடாத வீட்டுக்கும் அதற்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

தூரத்தை மட்டும் எதுவும் குறைக்காது. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து மும்பை சர்வருக்கு நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிசெகண்ட் ஒளிக்கே போய்விடும். கேபிள் நேர்கோட்டில் போவதுமில்லை. சிங்கப்பூர் சர்வர் என்றால் கடலடியில் 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே விளையாட்டின் செட்டிங்கில் மும்பையைத் தேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கரன்ட் கட்டுக்குத் தனி மருந்து. அரை நிமிடம் போய் வந்தாலும் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் ரேங்க் ஆட்டம் போச்சு. 12 வோல்ட் மினி யூபிஎஸ் இரண்டையும் தாங்கும். அடாப்டரில் அச்சிட்ட ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் பெட்டியின் அடியில் உள்ள ஹார்டுவேர் வெர்ஷனைப் பாருங்கள். ஒரே பெயரில் பல வெர்ஷன்கள் உண்டு, ஒன்றுக்கான மென்பொருளை இன்னொன்றில் ஏற்றினால் ரவுட்டர் செத்துவிடலாம். நான் பயன்படுத்தியது வெர்ஷன் 3. 880 மெகாஹெர்ட்ஸ் சிப், 128 எம்பி நினைவகம். வெளி மென்பொருள் ஏற்றினால் வாரன்டியை எதிர்பார்க்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இந்த ரவுட்டர் தாராளம். 300, 500 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அத்தனை வேகத்தில் கேக் போடும் கணக்குக்கு இந்தச் சிப் மூச்சுவாங்கும், இன்னும் வலுவான பெட்டி தேவை.