போல்ட்டைத் தொடுவதற்கு முன்

காரின் எஞ்சின் ஆயிலை வீட்டிலேயே மாற்றும் வேலையில், பழையதை வடிப்பதற்கும் புதியதை ஊற்றுவதற்கும் ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படுவதில்லை. ஆயினும் அந்த ஒரு மணி நேரம் செம்மையாக அமைவதும் சீர்கெடுவதும் அதற்கு முந்தைய ஆயத்தத்தைப் பொறுத்தவை என்பதை, பழகிய கை ஒன்று போர்டிகோவில் பழைய செய்தித்தாளை விரித்து, ஸ்பானர், புனல், வடிதட்டு, பனியன் வேஸ்ட் ஆகியவற்றை எட்டும் தொலைவில் வரிசையாக வைக்கும் அழகிலேயே கண்டுகொள்ளலாம்.

ஆயத்தம் ஆயில் டப்பாவிலிருந்து தொடங்குகிறது. அதன் மேல் 5டபிள்யூ-30 என்று அச்சிடப்பட்டிருப்பது பாகுநிலையின் குறியீடு. ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தயக்கமே பாகுநிலை எனப்படுவது. 1905இல் அமெரிக்காவில் தோன்றிய எஸ்ஏஇ என்னும் பொறியாளர் சங்கம் வகுத்த இத்தரத்தில், டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள 5, மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரிலும் எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு ஆயில் இளகியிருப்பதையும், பின்னுள்ள 30, 100 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்கிற்குள் நிற்பதையும் சொல்கின்றன. மைனஸ் 30க்கும் சென்னைக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் கிளப்பும்போது, ஆயில் மேலேறிக் கேம்ஷாஃப்ட்டை நனைக்கும் வரையிலான சில நொடிகளில் உலோகம் உலோகத்தோடு உராய்வதால், எளிதில் ஓடும் ஆயிலின் அருமை வெப்பநாட்டிலும் குறைவதில்லை. குளிரில் சுருண்டு கிடந்து, சூட்டில் விரிந்து, ஆயில் மிகையாக நீர்த்துப்போகாமல் தாங்கும் நீண்ட பாலிமர் மூலக்கூறுகளே ஒரே திரவத்தில் இந்த இரு குணங்களையும் இணைக்கின்றன. எனினும் தேர்வில் கடைசிச் சொல் காரின் கையேட்டுக்கே உரியது. விலை கூடியது என்பதற்காக வேறு எண்ணுக்குத் தாவுவதில் நன்மை இல்லை.

அடுத்துக் கவனிக்கத் தக்கது, ஒரு நாணயத்தைவிடச் சிறிய வாஷர். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் என்னும் தொட்டியை மூடியிருக்கும் வடிபோல்ட்டின் கழுத்தில் அமரும் இந்த வளையம், பல கார்களில் செம்பாலோ அலுமினியத்தாலோ ஆனது. போல்ட்டை இறுக்கும்போது மென்மையான அந்த உலோகம் தன்னை நசுக்கிக்கொண்டு, இரு பரப்புகளிலும் உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பி ஆயிலைத் தடுக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை அதே நேர்த்தியோடு படியாது என்பதால், புதிய வாஷர் கைக்கு வரும் வரை போல்ட்டைத் தொடாதிருப்பதே முறை. பழையது ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவோர், அலுமினிய சம்ப்பின் மரையையே அழித்துவிடுகின்றனர். சில ரூபாய் வளையத்துக்காக ஒரு சம்ப் பாழாவதைப் போன்ற வீண் வேறில்லை.

ஃபில்டரிலும் இத்தகைய நுட்பம் ஒன்று உண்டு. திருகிக் கழற்றும் வகை ஃபில்டரின் வாயில் உள்ள ரப்பர் வளையம் சில வேளை எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அதன் மேலேயே புதியதை ஏற்றினால் இரு வளையங்களுக்கிடையே ஆயில் பீறிட்டு வெளியேறும். ஆகவே கழற்றிய ஃபில்டரைத் திருப்பி வளையம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பதும், எஞ்சினின் பரப்பைத் துணியால் துடைத்து விரலால் ஒரு சுற்று தடவுவதும், புதிய வளையத்தில் ஆயிலை மெல்லப் பூசுவதும் தவிர்க்கக் கூடாதவை.

காரை உயர்த்த வேண்டுமெனில் சமதரையும் உறுதியான தாங்கிகளும் வேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து. பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவாதலால், அதை அடைத்துவைத்து மறுசுழற்சிக்குக் கொடுக்க மூடியுள்ள கேன் ஒன்றும் அருகில் இருக்க வேண்டும்.

எல்லாம் அமைந்த பின் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துகின்றனர். இளஞ்சூடு ஏறிய ஆயில், படிந்த கசடையும் ஏந்திக்கொண்டு சம்ப்பிற்கு இறங்கும் வரை பத்து நிமிடங்கள் பொறுத்திருந்து, மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காற்றுக்கு வழிவிடுகின்றனர். அம்மூடி திறக்காமல் முரண்டு பிடித்தால், புதிய ஆயிலுக்கு வழியில்லை என்பது பழையது உள்ளே இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. அதன் பிறகே வடிதட்டு போல்ட்டின் நேர்கீழே நகர்த்தப்பட்டு, ஸ்பானர் கையிலெடுக்கப்படுகிறது.